தமிழ் வழியே ஜெர்மன்

ஜெர்மன் மொழி மிகக் கடினமானது என்று ஒரு பேச்சு நெடுங்காலமாக வழங்கி வருகிறது. நம் நாட்டுக்கு அந்தப் பேச்சு வந்து சேர்ந்தது ஆங்கிலத்தின் வழியாக. அமெரிக்க நகைச்சுவை எழுத்தாளர் மார்க் ட்வெய்ன் 1880-ஆம் ஆண்டில் வெளியிட்ட தம் பயண நூல் ஒன்றின் பின்னிணைப்பாக, ஜெர்மன் மொழி தமக்கு இழைத்த கொடுமைகளைப் பற்றித் தனிக் கட்டுரையே எழுதிச் சேர்த்தார். வாக்கியம் முடிகிற வரையில் வினைச்சொல் வந்து சேர்வதில்லை என்பது அவர் சாட்டிய குற்றங்களுள் ஒன்று. நேயர்களே, வினைச்சொல் கடைசியில் வருவது குற்றமானால், நாம் அனைவரும் பேசத் தொடங்கிய நாள் முதல் அந்தக் குற்றத்தைச் செய்துகொண்டுதான் இருக்கிறோம்.

நான் முப்பத்திரண்டு ஆண்டுகள் பள்ளியில் தமிழ் கற்பித்து ஓய்வு பெற்றவன், மயிலாப்பூர்வாசி. என் மகன் ஷ்டுட்கார்ட் நகரில் வேலை பார்க்கிறான். அவனுடைய பெண்ணுக்கு ஐந்து வயது. தொலைபேசியில் என்னை 'ஓபா' என்று அழைப்பாள். 'ஓபா' என்றால் தாத்தா. அதற்குமேல் அவள் பொழிகிற சொற்களில் பாதி எனக்கு விளங்குவதில்லை. பேத்தியின் பேச்சு விளங்க வேண்டும் என்ற ஆசையே என்னை ஜெர்மன் வகுப்பில் கொண்டுபோய்ச் சேர்த்தது. தியாகராயநகரில், பனகல் பூங்காவுக்கு அருகில், ஒரு மாடியறையில் வாரம் மூன்று மாலைகள் அந்த வகுப்பு நடக்கிறது.

வகுப்பில் இருபது பேர். அறுபதைக் கடந்தவன் நான் ஒருவனே. எனக்கு இது ஆசை. மற்றவர்களுக்கு இது வாழ்க்கை. பொறியியல் மேற்படிப்புக்குச் செல்லவிருப்பவர்கள் சிலர். அங்கே வேலையிலிருப்பவர்களை மணந்துகொண்ட புதுமணப் பெண்கள் நால்வர். ஜெர்மனியில் இருக்கும் கணவனோடு சேர்ந்து வாழப் போகும் பெண், விசா பெறுவதற்கு முன்பே 'ஏ-1' என்னும் தொடக்க நிலைத் தேர்வில் தேற வேண்டும் என்பது 2007 முதல் அந்நாட்டுச் சட்டம். சில வகையினருக்கு விலக்கு உண்டு. இந்த நால்வருக்கும் அது கிட்டவில்லை. தேர்வில் 100-க்கு 60 எண்கள் பெற வேண்டும். 59 பெற்றால் கணவன் அங்கே, மனைவி இங்கே. தென் மாவட்டங்களிலிருந்து வந்து விடுதியில் தங்கியிருக்கும் செவிலியர் அறுவர் இருக்கிறார்கள். அவர்களுடைய ஏணி இன்னும் உயரமானது. ஏ-1, ஏ-2, பி-1, பி-2 என்று நான்கு படிகள் ஏறினால்தான் அங்கே முழுத் தகுதியுள்ள செவிலியராகப் பதிவு பெறுதல் பெரும்பாலும் இயலும்.

இந்தச் செவிலியருள் ஒரு பெண் பன்னிரண்டாம் வகுப்பு வரையில் தமிழிலேயே படித்தவர். என் பக்கத்து இருக்கையில் அமர்வார். வகுப்பிலோ ஜெர்மன் இலக்கணம் ஆங்கிலத்தில் விளக்கப்படுகிறது. 'டேட்டிவ் கேஸ்' என்றும் 'இன்டைரெக்ட் ஆப்ஜெக்ட்' என்றும் பலகையில் எழுதும்போது, அவருக்கு ஒரு புதிய மொழியோடு இன்னோர் அரைகுறை மொழியும் சேர்ந்து தலைமேல் ஏறுகிறது. வீட்டுக்குள்ளே நுழைவதற்கு முன் பக்கத்து வீட்டின் பூட்டையும் திறக்கச் சொன்னது போன்ற நிலை அது. ஆங்கிலம் அறிந்த நமக்கும் ஏறக்குறைய இதே நிலைதான். நாம் அதை உணர்வதில்லை. ஜெர்மனின் கடுமை என்று நாம் அஞ்சுவதில் ஒரு பெரும் பகுதி, ஆங்கிலத்தின் வாசலில் நின்று அதைப் பார்ப்பதனால் வருவது. தமிழின் வாசலில் நின்று பார்த்தால் காட்சி வேறு. அதைச் சொல்லவே இன்று வந்திருக்கிறேன்.

நம் நகரத்துக்கு ஜெர்மன் புதிய விருந்தாளி அன்று. அடையாறு நூலகம் 1886-இல் தோன்றியது. அதன் இயக்குநராக 1905 முதல் பணியாற்றிய ஓட்டோ ஷ்ராடர் என்பவர் ஜெர்மானிய வடமொழி அறிஞர். பாஞ்சராத்திர ஆகமத்தைப் பற்றிய அவருடைய நூல் 1916-இல் அடையாற்றிலிருந்தே வெளிவந்தது. பின்னர் 1959-இல் மேற்கு ஜெர்மனியின் உதவியோடு இந்தியத் தொழில்நுட்பக் கழகம் சென்னையில் நிறுவப்பட்டது. ஜெர்மானியப் பேராசிரியர்கள் பலர் இங்கே வந்து பாடம் நடத்தினார்கள். நுங்கம்பாக்கம் ரட்லண்ட் கேட்டில் உள்ள ஜெர்மானியப் பண்பாட்டு நிலையத்துக்கு மாக்ஸ் முல்லர் பவன் என்று பெயர். வேதத்தை அச்சேற்றிய அந்தப் பேரறிஞர் தம் வாழ்நாளில் இந்திய மண்ணை ஒரு முறையும் மிதித்ததில்லை. பெயர் மட்டும் வந்து குடியேறியிருக்கிறது. அன்று ஆராய்ச்சிக்காகவும் எந்திரத் தொழிலுக்காகவும் ஜெர்மன் கற்றார்கள். இன்று மருத்துவமனைப் பணிக்காகவும் குடும்ப வாழ்வுக்காகவும் கற்கிறார்கள். இலக்கணம் மாறவில்லை.

முதலில் வேற்றுமையைப் பார்ப்போம். ஜெர்மனில் நான்கு வேற்றுமைகள். நோமினாடீஃப், அக்குஸாடீஃப், டாடீஃப், கெனிடீஃப் என்று அவற்றின் பெயர்களைக் கேட்கும்போதே நடுக்கம் உண்டாகும். ஆங்கிலம் மட்டும் அறிந்தவனுக்கு நடுக்கம் நியாயமானதே. அவனுடைய மொழியில் வேற்றுமை உருபுகள் தேய்ந்து மறைந்து போயின. நமக்கு என்ன? விளியோடு சேர்த்து எட்டு வேற்றுமைகளைத் தொல்காப்பியர் காலத்திலிருந்து ஆண்டு வருகிறோம். எட்டு வைத்திருப்பவன் நான்கைக் கண்டு ஏன் அஞ்ச வேண்டும்? அந்தச் செவிலியர் ஒரு நாள் குறிப்பேட்டைக் காட்டி, "ஐயா, இந்த டாடீஃப் மட்டும் எனக்கு ஏறவே மாட்டேன் என்கிறது" என்றார். நான் ஒரு துண்டுத் தாளில் நான்கு கேள்விச் சொற்களை எழுதிக் கொடுத்தேன். வேர் என்றால் யார். வேன் என்றால் யாரை. வேம் என்றால் யாருக்கு. வெஸ்ஸன் என்றால் யாருடைய. "கு உருபு வருமிடம் டாடீஃப், அவ்வளவுதானா?" என்று கேட்டார். பெரும்பாலும் அவ்வளவுதான்.

இந்த நான்காம் வேற்றுமையில் ஜெர்மனும் தமிழும் ஒன்றையொன்று தழுவிக்கொள்வதைப் பார்த்து நான் வியந்தேன். 'எனக்குத் தலை வலிக்கிறது' என்கிறோம். வலி என்பது நான் செய்யும் செயல் அன்று, எனக்கு நேர்வது. ஆகையால் 'நான்' என்னாமல் 'எனக்கு' என்கிறோம். ஆங்கிலத்தில் 'நான் ஒரு தலைவலியை வைத்துக்கொண்டிருக்கிறேன்' என்பதுபோல் சொல்ல வேண்டும். ஜெர்மானியரோ 'மீர் டூட் டேர் கொப்ஃப் வே' என்பார்கள். 'மீர்' என்றால் எனக்கு. 'மீர் இஸ்ட் கல்ட்' என்றால் எனக்குக் குளிர்கிறது. 'மீர் இஸ்ட் யூபெல்' என்றால் எனக்குக் குமட்டுகிறது. 'மீர் இஸ்ட் ஷ்விண்ட்லிஹ்' என்றால் எனக்குத் தலை சுற்றுகிறது. இவையெல்லாம் ஒரு நோயாளி செவிலியரிடம் முதன்முதல் சொல்லக்கூடிய வாக்கியங்கள் அல்லவா? பாடநூல்கள், சில வினைச்சொற்கள் டாடீஃபைக் கொள்ளும் என்று ஒரு பட்டியலைக் கொடுத்து, காரணம் கேளாமல் மனப்பாடம் செய்யச் சொல்லுகின்றன. உதவுதல், நன்றி கூறுதல், பிடித்திருத்தல், பொருந்துதல், சொந்தமாயிருத்தல், பதில் சொல்லுதல் ஆகியவை அந்தப் பட்டியலில் உள்ளவை. உனக்கு உதவுகிறேன், உனக்கு நன்றி, எனக்குப் பிடித்திருக்கிறது, எனக்குப் பொருந்துகிறது, எனக்குச் சொந்தம், உனக்குப் பதில் சொல்லுகிறேன். எல்லாவற்றிலும் கு உருபு தானே வந்து நிற்கிறது. மனப்பாடம் எதற்கு? 'பின்தொடர்தல்', 'நம்புதல்' என்னும் இரண்டில் மட்டும் வழி பிரிகிறது. நாம் உன்னைப் பின்தொடர்கிறோம், உன்னை நம்புகிறோம். அவர்கள் உனக்குப் பின்தொடர்கிறார்கள், உனக்கு நம்புகிறார்கள். மனப்பாடம் செய்ய வேண்டியவை அந்த இரண்டும் அவை போன்ற சிலவுமே.

அடுத்து வாக்கிய அமைப்பு. 'நான் நேற்று மயிலாப்பூரில் ஒரு புத்தகம் வாங்கியிருக்கிறேன்' என்ற வாக்கியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 'இஹ் ஹாபெ கெஸ்டர்ன் இன் மயிலாப்பூர் ஐன் பூஹ் கெகௌஃப்ட்' என்பது இதன் ஜெர்மன். இஹ், நான். கெஸ்டர்ன், நேற்று. இன் மயிலாப்பூர், மயிலாப்பூரில். ஐன் பூஹ், ஒரு புத்தகம். கெகௌஃப்ட், வாங்கி. 'ஹாபெ' என்ற துணைவினை மட்டும் இரண்டாவது இடத்துக்குத் தாவி உட்கார்ந்துகொண்டிருக்கிறது. அதை எடுத்துக் கடைசியில் வைத்தால் சொல்லுக்குச் சொல் தமிழ் வாக்கியம். காலம் முன்னே, இடம் பின்னே என்பது ஜெர்மன் இலக்கணத்தில் ஒரு விதி. ஆங்கில வழியில் வருகிறவர்கள் இந்த விதியை வருந்திக் கற்கிறார்கள். 'நேற்று மயிலாப்பூரில்' என்று சொல்லிப் பழகிய நாவுக்கு இதில் கற்பதற்கு என்ன இருக்கிறது?

சார்பு வாக்கியத்துக்கு வந்தால், அந்தத் துணைவினையும் தன் தாவலை விட்டுவிட்டு, நல்ல பிள்ளையாகக் கடைசிக்கே போய்விடுகிறது. 'அவன் இன்று சென்னைக்கு வருகிறான் என்று அறிவேன்' என்பதில் 'இன்று சென்னைக்கு வருகிறான்' என்னும் பகுதி அங்கும் 'ஹொய்டெ நாஹ் சென்னை கொம்ட்' என்று அதே வரிசையில் நிற்கும். 'நேற்று மயிலாப்பூரில் வாங்கிய பேனா' என்று நாம் பெயரெச்சம் வைத்துப் பேசுகிறோமே, அதற்கும் நேரான அமைப்பு உண்டு: 'டேர் கெஸ்டர்ன் இன் மயிலாப்பூர் கெகௌஃப்டெ ஷ்டிஃப்ட்'. பேச்சில் அருகியும், செய்தித்தாளிலும் அலுவலகக் கடிதங்களிலும் பெருகியும் வரும் இந்த அமைப்பைக் கண்டு ஆங்கிலம் பயின்றவர்கள் மலைக்கிறார்கள். நாம் காய்கறிக் கடையிலேயே பெயரெச்சம் பேசுகிறவர்கள்.

பொறுத்திருந்து கேட்பதும் நமக்குப் பழக்கமே. 'நான் அவரை நேற்றுச் சந்திக்க...' என்று ஒருவர் தொடங்கினால், 'இருந்தேன்' என்று முடியுமோ 'வில்லை' என்று முடியுமோ என்று கடைசி வரையில் காத்திருக்கிறோம். ஜெர்மனில் பிரியும் வினைகள் என்று ஒரு வகை உண்டு. 'ஷ்டைகன்' என்பது ஏறுவதையும் இறங்குவதையும் பொதுவாகக் குறிக்கும் அடி. அதன் முன்னே 'ஐன்' சேர்ந்தால் வண்டியில் ஏறுதல். 'அவுஸ்' சேர்ந்தால் இறங்குதல். 'உம்' சேர்ந்தால் வண்டி மாறுதல். வாக்கியத்தில் இந்த முன்னொட்டு கழன்று கடைசிக்குப் போய்விடும். 'நான் லஸ் முனையில்' என்று தொடங்கிய வாக்கியத்தின் கடைசிச் சொல் காதில் விழுகிற வரையில், பேருந்தில் ஏறினாரா இறங்கினாரா என்பது தெரியாது. முதல் மாதத்தில் இது ஒரு தவிப்பு. இரண்டாம் மாதத்தில் காது பழகிவிடுகிறது.

இனித் தொகைச் சொற்கள். ஜெர்மானியர் சொற்களை இடைவெளியின்றிக் கோத்து எழுதுவார்கள். அச்சில் பார்க்கும்போது சரக்கு ரயில் போலத் தோன்றும். ஆனால் கோத்த முறை நம்முடையதே. கடைசிச் சொல்லே தலைச்சொல். தேங்காய் எண்ணெய் என்பது எண்ணெய், தேங்காய் அன்று என்பதுபோல. 'ஹன்ட்' கை; 'ஷூ' காலணி; 'ஹன்ட்ஷூ' கைக்கு ஒரு காலணி, அதாவது கையுறை. 'ஃபிங்கர்ஹூட்' விரலுக்கு ஒரு தொப்பி. தையற்காரர் ஊசி குத்தாமலிருக்க விரலில் மாட்டிக்கொள்ளும் கூடு. 'க்ரங்கன்ஹௌஸ்' நோயாளர் வீடு, மருத்துவமனை. சொல்லைப் பிரிக்கத் தெரிந்தால் அகராதி வேண்டாம். இரண்டு சொல் சேருமிடத்தில் சில சமயம் 'ஸ்' என்றும் 'ன்' என்றும் ஓர் ஒலி இடையே வந்து நிற்கும். 'ஸொன்னெ' ஞாயிறு, 'ப்ளூமெ' பூ. இரண்டும் சேர்ந்தால் 'ஸொன்னென்ப்ளூமெ', சூரியகாந்தி. இந்த இடையொலி ஏன் வருகிறது என்று வகுப்பில் ஒரு மாணவர் கேட்டபோது, 'அப்படித்தான் வரும்' என்ற விடை கிடைத்தது. நமக்கு அதன் பெயரே தெரியும்: சாரியை. புளியும் காயும் சேர்ந்து புளியங்காய் ஆகும்போது இடையில் வரும் 'அம்' எதுவோ, அதுவே இது. காலையில் வாசலுக்கு வரும் ஆவின் பாலில் உள்ள 'இன்'னும் அதுவே.

ஒலியிலும் ஓர் உதவி உண்டு. 'ஷ்டட்' என்றால் நகரம். 'ஷ்டாட்' என்றால் அரசு. குறிலும் நெடிலும் பொருளை மாற்றும் என்பதை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டுவதில்லை. கல்லும் காலும் வேறு என்று அறிந்தவர்கள் நாம். வினை விகுதிகளும் அப்படியே. வருகிறேன், வருகிறாய், வருகிறோம் என்பனபோல கொம்மெ, கொம்ஸ்ட், கொம்மன் என்று விகுதி இடத்தைக் காட்டும். நீ, நீங்கள் என்னும் மரியாதை வேறுபாடும் 'டூ', 'ஸீ' என்று உண்டு. மூத்தவரைப் பார்த்து 'டூ' என்று சொல்லிவிடக் கூடாது என்பதை எங்கள் வகுப்பில் எவரும் இரண்டாம் முறை கேட்கவில்லை.

இவ்வளவு சொன்னதால் ஜெர்மன் எளிது என்று நான் சொல்லுவதாக எண்ண வேண்டாம். தமிழ் கைகொடாத இடங்கள் உண்டு. அவற்றுள் தலையாயது பால் பாகுபாடு.

நம் இலக்கணத்தில் பால் என்பது பொருளைப் பற்றியது. மக்களும் தேவரும் உயர்திணை, மற்றவை அஃறிணை. அறிவினால் அறியலாம், அகராதியைப் பார்க்க வேண்டியதில்லை. ஜெர்மனிலோ பால் சொல்லைப் பற்றியது. டேர் என்றால் ஆண், டீ என்றால் பெண், டஸ் என்றால் இரண்டும் அல்லாதது. உணவு மேசைமேல் மூன்று பொருள்கள் இருக்கின்றன. கரண்டி ஆண்பால், முட்கரண்டி பெண்பால், கத்தி இரண்டும் அல்லாதது. ஏன் என்று கேட்டால் விடை இல்லை. சூரியன் அங்கே பெண், சந்திரன் ஆண். சூரிய நமஸ்காரம் செய்து பழகிய எங்கள் தெருவாசி ஒருவரிடம் இதைச் சொன்னபோது, அவர் சிறிது நேரம் பேசவேயில்லை. 'மேட்ஹென்' என்றால் சிறுமி, அவளோ டஸ். இதை மட்டும் நான் அந்த மொழியின் சார்பில் நின்று காப்பேன். 'ஹென்' என்பது சிறுமையைக் காட்டும் விகுதி; அது சேர்ந்த சொல் எதுவும் டஸ் ஆகும். நாமும் 'குழந்தை அழுதது' என்றுதானே சொல்லுகிறோம்? குழந்தை மனிதப் பிறவி இல்லை என்று நாம் கருதுவதாக யாரும் குறை சொல்லுவதில்லை. குழந்தையைக் குறிக்கும் 'கின்ட்' என்ற சொல்லும் அங்கே டஸ் தான்.

சில சொற்களுக்கு விகுதி வழி காட்டும். 'உங்', 'ஹைட்', 'கைட்' என்று முடிபவை டீ. கிழமைகளும் மாதங்களும் டேர். தொகைச் சொல்லுக்குக் கடைசிச் சொல்லின் பால். இந்த விதிகளுக்குள் அடங்காமல் நிற்பவையே மிகுதி. அவற்றுக்கு உருப்போடுவதைத் தவிர வேறு வழி இல்லை. 'டிஷ்' என்றால் மேசை என்று கற்பது பாதிக் கல்வி. 'டேர் டிஷ்' என்றே கற்க வேண்டும். பன்மையையும் உடன் சேர்த்துக் கற்க வேண்டும். நாம் 'கள்' என்ற ஒன்றை வைத்துக்கொண்டு காலம் தள்ளுகிறோம்; அவர்களுக்குப் பன்மை ஆக்கும் வழிகள் பல. ஒரு சொல்லில் ஈறு சேரும். ஒரு சொல்லில் நடு உயிர் திரியும். ஒரு சொல்லில் ஒன்றுமே மாறாது. ஏ-1 தேர்வுக்குரிய சொற்பட்டியலில் ஏறக்குறைய 650 சொற்கள் உள்ளன. அவற்றில் பெயர்ச்சொல் ஒவ்வொன்றும் பாலும் பன்மையும் சேர்ந்து மூன்று சுமையாகிறது.

புதுமணப் பெண்களுள் ஒருவர் அடையாற்றில் மாமியார் வீட்டில் இருக்கிறார். வீடெங்கும் வண்ணத் தாள்களை ஒட்டி வைத்திருக்கிறார். கதவில் சிவப்புத் தாள், டீ ட்யூர். சன்னலில் பச்சைத் தாள், டஸ் ஃபென்ஸ்டர். குளிர்பதனப் பெட்டியில் நீலத் தாள், டேர் க்யூல்ஷ்ரங்க். ஆணுக்கு நீலம், பெண்ணுக்குச் சிவப்பு, மூன்றாவதற்குப் பச்சை. மாமியார் முதலில் முணுமுணுத்தாராம். நாள்தோறும் பார்த்துப் பார்த்து அவருக்கே இருபது சொற்கள் வந்துவிட்டன. "ட்யூரைச் சாத்தம்மா, கொசு வருகிறது" என்று சொல்லுகிறாராம்.

தமிழ் உதவுவதுபோல் வந்து காலை வாருகிற இடமும் ஒன்று உண்டு. 'நாகேசுவரராவ் பூங்காவுக்குப் போகிறேன்' என்பதில் நமக்கு நான்காம் வேற்றுமை. 'பூங்காவில் இருக்கிறேன்' என்பதில் ஏழாம் வேற்றுமை. போவதும் இருப்பதும் வேறு என்ற உணர்வு இரு மொழிக்கும் பொது. ஆனால் ஜெர்மனில் போகும்போது 'இன் டேன் பார்க்', இது அக்குஸாடீஃப். இருக்கும்போது 'இன் டேம் பார்க்', சுருக்கி 'இம் பார்க்', இது டாடீஃப். கு உருபை நம்பிப் போகிறவன் இங்கே வழி தவறுவான். இப்படி இரண்டு வேற்றுமையும் ஏற்கும் இடச்சொற்கள் ஒன்பது. அந்த ஒன்பதுக்கும் கு உருபை மறந்துவிட்டு, அசைவா நிலையா என்று மட்டும் கேட்க வேண்டும்.

எண்கள் மற்றொரு தொல்லை. எண்பத்து நான்கை ஜெர்மானியர் 'நான்கும் எண்பதும்' என்பார்கள். வடமொழியிலும் 'ஏகவிம்சதி' என்று ஒன்றை முன்னும் இருபதைப் பின்னுமாகச் சொல்லும் மரபு உண்டு. புரோகிதர் வாயில் அதைக் கேட்டிருக்கிறோம். கேட்டிருப்பது வேறு, விரைந்து எழுதுவது வேறு. தொலைபேசியில் ஒருவர் எண் சொல்லச் சொல்ல எழுத வேண்டிய பயிற்சியில் வகுப்பு முழுவதும் திணறியது. நான்கு என்று கேட்டவுடன் கை 4 என்று எழுதிவிடுகிறது. பிறகு எண்பது வருகிறது. மருந்தின் அளவையும் நாடித் துடிப்பையும் காதால் கேட்டுக் குறிக்க வேண்டிய செவிலியருக்கு 48-க்கும் 84-க்கும் உள்ள வேறுபாடு தேர்வு எண்ணைப் பற்றியது மட்டும் அன்று. நான் மேலே சொன்ன பெண் ஒரு வழி கண்டிருக்கிறார். முதலில் கேட்ட இலக்கத்துக்கு இடப்புறம் ஓர் இடம் விட்டே எழுதுகிறார். விடுதியில் மற்ற ஐவரும் இப்போது அப்படியே எழுதுகிறார்களாம்.

பெயரை எழுத்துக் கூட்டிச் சொல்லுவதும் தேர்வில் உண்டு. நம்மவர் பெயர்களின் நீளத்தை எண்ணிப் பாருங்கள். ஜெர்மானியர் தங்கள் உயிரெழுத்துகளை ஆ, ஏ, ஈ, ஓ, ஊ என்று ஒலிக்கிறார்கள். தமிழ்ப் பிள்ளைக்கு இதைவிட இயல்பானது வேறில்லை. இடையூறு செய்வது ஆங்கிலப் பழக்கம். ஆங்கிலத்தில் முதல் எழுத்து 'ஏ'. ஜெர்மனில் 'ஏ' என்றால் ஐந்தாம் எழுத்து. ஆங்கிலத்தின் ஐந்தாம் எழுத்தாகிய 'ஈ' ஜெர்மனில் ஒன்பதாம் எழுத்தாகிவிடும். சொற்களிலும் இந்தக் குழப்பம் உண்டு. ஆங்கிலத்தில் 'கிஃப்ட்' பரிசு. ஜெர்மனில் 'கிஃப்ட்' நஞ்சு. 'ஆட்டோ' என்று நம் தெருவில் கூப்பிட்டால் மூன்று சக்கரம் வரும். அங்கே 'அவுடோ' என்றால் கார்.

ஒரு மொழியை மற்றொரு மொழியின் சட்டத்தில் வைத்துக் கற்பது பழைய வழக்கந்தான். 1706-இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய பார்த்தொலொமேயு சீகன்பால்க் என்ற ஜெர்மானியப் பாதிரியார், திண்ணைப் பள்ளிச் சிறுவர்களோடு உட்கார்ந்து மணலில் விரலால் எழுதித் தமிழ் கற்றார். அவர் இயற்றிய தமிழ் இலக்கணம் 1716-இல் ஜெர்மனியில் ஹாலே நகரில் அச்சாயிற்று. அந்நூல் இலத்தீனில் எழுதப்பட்டது. தம் நாட்டுப் படிப்பாளிக்கு நன்கு தெரிந்த இலக்கணம் இலத்தீன் இலக்கணமே என்பதனால் அதன் வழியே தமிழைக் காட்டினார். வேப்பேரியில் வாழ்ந்த ஃபபிரிசியுஸ் பாதிரியாரின் தமிழ் அகராதி 1779-இல் வெளிவந்தது. கார்ல் கிரவுல் 1856-இல் திருக்குறளை ஜெர்மனில் தந்தார். அவர்கள் தமக்குத் தெரிந்த வாசல் வழியே நம் வீட்டுக்குள் வந்தார்கள். நாம் மட்டும் அவர்கள் வீட்டுக்குப் போக ஆங்கிலத்தின் கொல்லைப்புறத்தைச் சுற்றிக்கொண்டு போகிறோம். உருபு, சாரியை, விகுதி, பெயரெச்சம், குறில், நெடில் ஆகிய சொற்கள் ஆறாம் வகுப்பு முதல் நம் பிள்ளைகள் கற்றவை. அவற்றைக் கொண்டே ஜெர்மன் இலக்கணத்தை விளக்கும் ஒரு சிறு நூல் இருந்தால், தமிழில் படித்துவிட்டு விடுதி அறையில் விழித்திருக்கும் அந்தப் பெண்களுக்கு எத்தனை இரவுகள் மிச்சமாகும்!

ஏ-1 தேர்வு கடந்த மாதம் நடந்தது. கேட்டல், படித்தல், எழுதுதல், பேசுதல் என்று நான்கு பகுதிகள். புதுமணப் பெண்களுள் மூவர் தேறினர்; நான்காமவர் மறுமுறை எழுதப் பணம் கட்டியிருக்கிறார். செவிலியர் அறுவரும் தேறினர். என் பக்கத்து இருக்கைப் பெண் 81 எண்கள் பெற்றார். அவருடைய குறிப்பேட்டில் ஒவ்வொரு பக்கத்தின் தலைப்பிலும் இப்போது 'ஐ', 'கு', 'உடைய' என்று தமிழ் உருபு எழுதியிருக்கிறது. ஜெர்மன் சொற்கள் அதன்கீழே வரிசையாக நிற்கின்றன. பி-2 வரையில் இன்னும் மூன்று படிகள். அடுத்த வாரத்துப் பாடம் பன்மைப் பெயர்களின் டாடீஃப். அதில் பெயர்ச்சொல்லின் ஈற்றிலும் ஒரு 'ன்' சேரும் என்று பாடநூல் சொல்லுகிறது. அதற்குத் தமிழில் இணை ஏதும் உண்டா என்று அந்தப் பெண் கேட்டிருக்கிறார். தேடிக்கொண்டிருக்கிறேன்.